பொட்டு டெஸ்ட்

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்து ஆடி மாதத்தில், வெள்ளிக்கிழமை விடிவதே பூமயிலுக்குப் பிடிக்கவில்லை. ஊரில் மற்றப் பெண்களுக்கு ஆடி வெள்ளி என்றால் கூழும் மாவிளக்கும். இவளுக்குக் காலையில் காலேஜில் பொட்டு டெஸ்ட், சாயங்காலம் பொன்னுச்சாமி வீட்டு போன். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தாள் என்று கேட்டால் பதில் சொல்லியிருக்க மாட்டாள். பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்காத பிறவி அவள்.

பிறவி என்று சும்மா சொல்லவில்லை. நாலாம் வகுப்பில் ஓர் அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்து, வைகை எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டார். வகுப்பே முழித்தது. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் என்று பூமயிலுக்குத் தெரியும். அவள் அய்யா சின்னச்சாமி அந்தத் தண்ணீரில் கூலிக்கு நடவு நட்டவர். எழுந்து நின்றாள். ஒருவேளை தப்பாக இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான், தொண்டை அடைத்துப் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அதிகாரி போனபிறகு வாத்தியார் முதுகில் இரண்டு வைத்தார். அன்றிலிருந்து எழுதச் சொன்னால் எழுதுவாள், சொல்லச் சொன்னால் ஊமை. எழுதி எழுதியே பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி, ராமநாதபுரத்தில் பெண்கள் காலேஜில் விலங்கியல் சேர்ந்தாள்.

முதல் வருஷம் முடிந்ததும் அத்தை மகன் செல்லச்சாமிக்குக் கட்டிவைத்தார்கள். பத்தாவது பெயிலான ஆள், வாலிநோக்கத்தில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பரிசம் போட்ட அன்றைக்கே, “புள்ள படிப்ப நிப்பாட்டக் கூடாது, சொல்லிப்புட்டேன்” என்று சபையில் சொன்னவன். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று பூமயில் அவனிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணமாகி நாலாம் மாதம் ஏஜெண்ட் ஒருவன் மூலமாகக் குவைத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டான்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. வாரா வாரம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பொன்னுச்சாமி வீட்டுக்கு போன் வரும். ஊரில் நிலபுலம் உள்ளவர் அவர், நல்ல மனுஷன், போனையும் டிவியையும் ஊருக்குப் பொதுவாகவே வைத்திருந்தார். பூமயிலும் மாமியார் மீனம்மாளும் கூடத்தில் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஆத்தாளிடம் அவன் ரெண்டு நிமிஷம் பேசுவான், பெண்டாட்டியிடம் ஒரு நிமிஷம்.

கடைசியாகப் பேசியது ஆனி மாதத்தில். அந்த ஒரு நிமிஷத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“இந்தா புள்ள, இனிமே எல்லையத் தாண்டி ஈராக்குக்குள்ள லோடு போகணுமாம். ஆத்தாகிட்ட மூச்சு விட்டுறாத, அது தாங்காது. என்ன, போகட்டுமா?”

போகாதீர்கள் மச்சான் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மாமியார், எதிரே பொன்னுச்சாமி, அவர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புருஷன் ஏதோ கொஞ்சுகிறான் என்று நினைத்துச் சிரிக்கவேறு செய்கிறார்கள்.

“ம்,” என்றாள்.

அந்த “ம்” போட்ட நாளிலிருந்து போன் இல்லை. ஒரு வெள்ளி போயிற்று, இரண்டு வெள்ளி போயிற்று. டிவிச் செய்தியில் அந்தச் சாலையில் லாரிக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போவதைக் காட்டினார்கள். முகமூடிக்காரர்கள் நடுவே டிரைவர்கள் குந்தியிருந்தார்கள். மீனம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, “யாரு பெத்த புள்ளைகளோ, நம்ம செல்லம் நல்லவேளை குவைத்துக்குள்ளேயே ஓட்டுறான்” என்பாள். பூமயில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊமை கண்ட கனவு என்பார்களே, அதுதான் அவள் பாடு.

இனி பொட்டுக்கு வருவோம்.

விலங்கியல் எடுத்த மஜீதா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, இனிமேல் வாரா வாரம் குழு டெஸ்ட் என்றார். முதலில் ஆளுக்கு ஒரு தாளில் ஐந்து கேள்விக்குத் தனியாகப் பதில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து அதே கேள்விகளைப் பேசி முடிவு செய்ய வேண்டும். குழுவுக்கு ஒரு கார்டு. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு மூடிய வட்டம். சரியான விடைக்கு அடியில் மட்டும் நீல மையில் ஒரு மீன் முத்திரை. மூடியை எடுத்ததும் மீன் தெரிந்தால் நாலு மார்க். தெரியாவிட்டால் மறுபடி பேசி வேறொன்றை எடுக்கலாம், அதற்கு இரண்டு மார்க்.

“பரீட்சை எழுதி மூணு மாசம் கழிச்சுத் தப்புன்னு தெரிஞ்சு என்ன செய்ய? தப்புப் பண்ணுன அந்த நிமிஷமே தெரியணும்மா,” என்றார்.

மேடம் போட்ட சட்டம் இரண்டு. ஒன்று, ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் மூடியைத் தொடலாம். ஒருத்தி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கை வைக்கக் கூடாது. இரண்டு, வருகைப்பதிவு வரிசைப்படி ஆளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

முதலில் மூடிக்கு மெழுகு தேய்த்து வெள்ளிப் பெயிண்ட் அடித்துச் சுரண்டச் சொல்லத்தான் நினைத்தார். போன வருஷம்தான் அரசாங்கம் லாட்டரியை ஒழித்திருந்தது. மாதிரிக் கார்டைப் பார்த்த பிரின்சிபால், “சுரண்டல் லாட்டரிய காலேஜுக்குள்ள கொண்டாந்துட்டீங்களா?” என்று பதறிப்போனார். மேடம் யோசித்து, பஜாரில் பேன்ஸி ஸ்டோருக்குப் போய் அரக்குச் சிவப்பில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை அட்டையாக வாங்கிவந்துவிட்டார். அளவான வட்டம், ஒட்டினால் ஒட்டும், உரித்தால் உரியும். தலையில் முக்காடு போட்ட டீச்சர் இவ்வளவு பொட்டு வாங்குவதைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். பொட்டு வைத்துப் பழகாத மேடத்துக்கு அது வெறும் ஒட்டுகிற வட்டம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆனது இங்கேதான்.

முதல் வெள்ளிக்கிழமை வகுப்பே கலகலத்தது. எட்டுக் குழுவிலும் ஒரே கூச்சல்.

“ஆவன்னாதான்டி, பொட்டை எடு!”

“எடுடி பொட்டை, என்ன பாத்துக்கிட்டிருக்க!”

பூமயில் தன்னையறியாமல் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் அமத்து என்பதுபோல, முகம் கழுவப் போகிறவள்கூடப் பொட்டை மாத்திட்டு வாரேன் என்றுதான் சொல்வாள். பொட்டை எடு என்று சொல்வது ஒரே ஒரு வீட்டில்தான், புருஷன் போன வீட்டில், அதுவும் பதினாறாம் நாள் விடியக்கருக்கலில். பன்னிரண்டு வயதில் தன் பெரியம்மாவை ஊருணிக்கரையில் உட்காரவைத்து ஒரு கிழவி அப்படிச் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். பெரியம்மா எடுக்கவில்லை, கிழவிதான் எடுத்தாள்.

செல்லச்சாமி விமானம் ஏறிய நாளிலிருந்து பூமயில் ஸ்டிக்கர் பொட்டே வைப்பதில்லை. ஸ்டிக்கர் என்றால் தினம் உரிக்க வேண்டும். குங்குமம் என்றால் அதுவாக உதிரும், பழையதன் மேலேயே வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு கணக்கு அவளுக்கு. படித்த பெண் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்கிறவர்களுக்குப் புருஷனைக் காணாமல் மூன்று வாரம் இருந்து பார்க்கும் கொடுப்பினை வாய்க்காமலே இருக்கட்டும்.

தன் முறை வருவதற்குள் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டாள். அடுத்த வெள்ளி பக்கத்தில் இருந்த காலிதாவின் தொடையைக் கிள்ளி, “எனக்கு நகம் இல்லடி, நீ எடேன்” என்றாள். காலிதா கீழக்கரைப் பெண், அவள் வாப்பா குவைத்தில் கடை வைத்திருந்தார். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். எடுத்த பொட்டுகளைப் பெண்கள் மேஜை விளிம்பிலும் அடுத்தவள் மூக்கிலும் ஒட்டி விளையாடினார்கள். கீழே விழுந்து கிடந்தவற்றைப் பூமயில் யாரும் பார்க்காமல் பொறுக்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். அன்று சாயங்காலமும் போன் வரவில்லை.

மூன்றாவது வெள்ளி வந்தது. மஜீதா மேடம் கெட்டிக்காரி.

“பூமயில் ஒரு தடவகூட எடுக்கலையே! இன்னைக்கு அவங்கவங்க முறைக்கு அவங்கவங்கதான் எடுக்கணும். இல்லேன்னா அந்தக் கேள்விக்குக் குழுவுக்கே மார்க் கிடையாது.”

குழுவுக்குத் தலைவி மாதிரி நடந்துகொண்டவள் ராமலெட்சுமி. பெரிய வீட்டுப் பெண், வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. நாலாவது கேள்வி பூமயிலின் முறை. கடல்குதிரையில் குஞ்சுகளைச் சுமப்பது எது? அனா, பெண். ஆவன்னா, ஆண். இன்னும் இரண்டு விடைகள்.

“பொம்பளதான் சுமப்பா, வேற யாரு?” என்றாள் ராமலெட்சுமி.

“ஆணு,” என்று பூமயில் மேஜையைப் பார்த்துச் சொன்னாள். எழுத்துத் தாளில் அவள் ஒருமுறைகூடத் தப்புச் செய்ததில்லை என்பது குழுவுக்குத் தெரியும். காலிதா தலையசைத்தாள், மற்ற இருவரும் அசைத்தார்கள், ராமலெட்சுமியும் கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

“சரி, எடு.”

பூமயில் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எடுடி, மணி அடிக்கப்போறாக.”

“நான் எடுக்கல.”

“ஏன், பொட்டு கடிச்சிருமா? வீட்டுல குளிக்கப் போகையில கண்ணாடியில எடுத்து ஒட்டமாட்டியா? நாலு மார்க் போகுதுடி!”

ராமலெட்சுமி பூமயிலின் வலது கையைப் பிடித்து இழுத்தாள். விளையாட்டாகத்தான் இழுத்தாள். பூமயில் திமிறினாள், ஆனால் சத்தம் போடவில்லை. சத்தம் போட அவளுக்கு எங்கே தெரியும்? ராமலெட்சுமி அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஆவன்னாவின் மேல் அழுத்தி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, சர்ரென்று உரித்துவிட்டாள்.

அடியில் வெள்ளை. மீன் இல்லை.

பூமயிலின் விரல் நுனியில் அந்தச் சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. தன் கையாலேயே எடுத்தாயிற்று, ஆடி வெள்ளியில் எடுத்தாயிற்று, எடுத்த இடத்தில் ஒன்றுமில்லை. போய்விட்டான் என்று தோன்றியது. இந்த நிமிஷமே தெரிய வேண்டும் என்று மேடம் சொன்னாரே, தெரிந்துவிட்டது.

“பாத்தியா, நான் அப்பவே சொன்னேன் பொம்பளன்னு. ரெண்டு மார்க் போச்சு,” என்றாள் ராமலெட்சுமி.

“தப்பு,” என்றாள் பூமயில்.

“ஆமா, தப்புத்தான்.”

“கார்டு தப்பு.”

“கார்டு எப்பிடிடி தப்பாகும்? மேடம் குத்துனது!”

பூமயில் எழுந்து நின்றாள். மூன்று வருஷத்தில் அவள் வகுப்பில் எழுந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. நாலாம் வகுப்பில் வந்த அதே அடைப்பு தொண்டைக்கு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனால் இந்தமுறை தப்பாக இருந்துவிட்டால் என்று அவள் நினைக்கவில்லை. சரியாக இல்லாவிட்டால் புருஷன் இல்லை, அப்படித்தான் அவளுக்கு அன்றைக்கு இருந்தது.

“கார்டு தப்பு மேடம்!” என்று கத்தினாள்.

வகுப்பு முழுக்க அடங்கிப்போயிற்று. மேடம் வந்தார். பூமயில் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள், விரலில் பொட்டோடு.

“ஆணுதான் மேடம் சுமக்கும். மண்டபத்துல, அந்த ஆராய்ச்சி நிலையத்துல, கண்ணாடித் தொட்டியில நானே பாத்தேன். போன வருஷம் கூட்டிட்டுப் போனீகள்ல? வயித்துல பை இருந்துச்சு, பைய அமுக்கி அமுக்கிக் குஞ்சத் துப்புச்சு. அது ஆணுன்னு அங்கன இருந்த சாரு சொன்னாரு. எல்லாரும் அடுத்த தொட்டிக்குப் போயிட்டீக, நான் மட்டும் நின்னு பாத்தேன். பொய் சொல்லுது மேடம் இந்தக் கார்டு, பொய் சொல்லுது!”

மேடம் கார்டை வாங்கி அனாவின் பொட்டை உரித்தார். மீன் அங்கே இருந்தது. அடுத்த குழுவின் கார்டில் ஆவன்னாவை உரித்தார். அங்கேயும் மீன். ஒரு கணம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான்தான் இந்த ஒரு கார்டுல மாத்திக் குத்திட்டேன். பூமயில் சொன்னது சரி. நாலு மார்க்கும் உண்டு. உக்காரும்மா.”

பூமயில் உட்காரவில்லை.

“அப்ப இந்தப் பொட்டு கணக்குல இல்லையா மேடம்?”

“எந்தப் பொட்டு?”

“இது. நான் எடுத்தது. கணக்குல இல்லைன்னு சொல்லுங்க மேடம்.”

கேட்ட கேள்வி மேடத்துக்கு விளங்கவில்லை, கேட்ட முகம் விளங்கியது. “இல்லம்மா, கணக்குல இல்ல,” என்று சொல்லி, தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார். காலிதாவும் பின்னாலேயே போனாள். வராந்தாவில் வைத்துத்தான் எல்லாம் வெளியே வந்தது: எல்லை, லாரி, “ம்” போட்டது, பதினாறாம் நாள், நோட்டின் கடைசிப் பக்கம்.

“யா அல்லா,” என்று மேடம் சுவரில் சாய்ந்துவிட்டார். “எனக்குத் தோணவே இல்லையேம்மா.” அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வெள்ளைத் தாளை வட்டமாக நறுக்கிப் பசை தொட்டு ஒட்டினார். பெயர் மட்டும் கடைசிவரை பொட்டு டெஸ்ட்தான்.

காலிதா கேட்டது வேறு. “கம்பெனி பேரு தெரியுமா? லைசென்ஸ் நம்பரு, பாஸ்போர்ட் நம்பரு எதாவது? இத மொதல்லயே எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி?” அன்று மத்தியானமே இருவரும் போன் பூத்துக்குப் போய் அவள் வாப்பாவுக்கு விவரமெல்லாம் சொன்னார்கள். விசாரிக்கிறேன் மகளே, துஆ செய்யுங்கள் என்றார் அவர். அன்றைய சாயங்காலம் ஆறு மணிக்கும் போன் வரவில்லை. சனிக்கிழமை பூமயில் ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தாள். வெயிலில் வந்த கிறுகிறுப்பு என்று மாமியார் மோர் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் மிளகாய்க் களத்துக்கு ஆள் ஓடிவந்தது, குவைத்திலிருந்து போன் என்று. மாமியாரும் மருமகளும் விழுந்தடித்து ஓடினார்கள். பூமயிலுக்கு வழியெல்லாம் ஒரே நினைப்பு. ரிசீவரை எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் தெரியாது. தெரியாமல் இருந்த அந்த மூன்று வாரம்கூட எவ்வளவோ தேவலை என்று நினைத்தாள். மீனம்மாளுக்கு மூச்சு வாங்கியதால் இவள் கையில்தான் பொன்னுச்சாமி கொடுத்தார்.

“ஏ புள்ள, நான்தான்.”

சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் படபடவென்று பேசினான். முன்னால் போன லாரியை வழியில் எரித்துவிட்டார்கள், ஓட்டியவன் போய்விட்டான். இவர்களை ஒரு கொட்டகையில் பதுங்கவைத்திருந்தார்கள், போன் கிடையாது. முந்தாநாள் ராத்திரிதான் குவைத்துக்கு வந்து சேர்ந்தான். காலிதாவின் வாப்பா தேடி வந்து பிடித்துவிட்டார், இப்போது அவர் கடையிலிருந்துதான் பேசுகிறான்.

“ஒண்ணும் பயப்படாத. செவ்வாக்கெழம இன்னொரு நடை போகணுங்கிறான் கம்பெனிக்காரன். ஒரே ஒரு நடை, அதோட சரி. ஆத்தாகிட்டச் சொல்லிறாத. என்ன, போகட்டுமா?”

அவன் அவளுடைய “ம்”முக்குக் காத்திருந்தான். பக்கத்தில் மாமியார் சிரித்த முகமாக நின்றாள், பொன்னுச்சாமி நின்றார், அவர் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். “ம்” பழக்கப்பட்ட பாதையில் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“நான் ஒத்துக்கிடல,” என்றாள்.

“என்னது?”

“எங்க கிளாஸுல அஞ்சு பேரு மச்சான். ஒருத்தி ஒத்துக்கிடலேன்னாலும் பொட்டை எடுக்க முடியாது. அதான் சட்டம். நான் ஒத்துக்கிடல. எம் பொட்டை எடுக்க நான் ஒத்துக்கிடல!”

பொன்னுச்சாமி வீட்டு மனுஷர்கள் நிற்கிற கூடத்தில், பட்டப்பகலில், அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். பொன்னுச்சாமி சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டாள். மீனம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. மகன் ஈராக்குக்குப் போனதும் அவளுக்குத் தெரியாது, டெஸ்டும் தெரியாது. ஆனால் மருமகள் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும், அவளும் ஊருணிக்கரையில் உட்கார்ந்தவள்தான். டிவியில் குந்தியிருந்த பிள்ளைகள் யார் பெற்ற பிள்ளைகள் என்று இப்போது விளங்கிவிட்டது.

மீனம்மாள் கையை நீட்டி ரிசீவரை வாங்கினாள்.

“ஏலே செல்லம், அவ ஒத்துக்கிடல. நானும் ஒத்துக்கிடல. உப்பு லாரி இங்கன இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வந்து சேரு.”

சொல்லிவிட்டு ரிசீவரை மருமகள் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் கடை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ எதையோ விலை கேட்டார்கள்.

“ம்,” என்றான் செல்லச்சாமி.